மூக்குக்கு எட்டாத மீன்

பொம்மையார்பாளையத்துக் கரையில் மீன் வாங்க வரும் பெண்கள் விலை கேட்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். வயிற்றை அமுக்குவார்கள், பள்ளம் நிற்காமல் சதை எழும்பி வர வேண்டும். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். கடைசியாகச் சட்டென்று ஒரு குனிவு. மூக்கு மீனருகே போய்த் திரும்பும். அதற்குப் பிறகுதான் பேரம்.

இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நல்ல உயிர்வேதியியல் இருக்கிறது. செவுளின் சிவப்பு ஹீமோகுளோபினின் நிறம். மீன் செத்து நேரம் ஆக ஆக அதிலுள்ள இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். சதையின் விறைப்பைக் குலைப்பவை மீனின் சொந்த என்சைம்கள். செத்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. சதையையே செரிக்கத் தொடங்கிவிடும். வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமைன். கடல்மீன்கள் உப்புநீரின் அழுத்தத்தைச் சமாளிக்கத் தம் திசுக்களில் டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு என்ற வாடையில்லாத பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பாக்டீரியா அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டால் மிஞ்சுவதுதான் ‘மீன் வாடை’. காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். எந்த ஆய்வகக் கருவியும் இல்லாமல் பாக்டீரியா எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைக் கணக்கிடும் வேலையை அந்தக் குனிவு செய்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மீன், தகரத்துக்குள் மூடி, தலை இல்லாமல், செவுள் இல்லாமல், கண் இல்லாமல் வந்து நின்றால் என்ன ஆகும்? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

அந்த மீன் பெரும்பாலும் கடல் தாண்டி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் நோக்கிப் போனால், வழியில் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் இப்படிப்பட்ட இடங்களை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு அழைக்கிறது. 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் தமிழ்நாட்டின் முகாம்களில் வாழ்கிறார்கள். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ உறவினர் வந்தால் பெட்டிக்குள் தேயிலையும் வறுத்து அரைத்த மிளகாய்த்தூளும் இருக்கும். கூடவே ஒரு டின் மீனும் இருக்க வாய்ப்புண்டு. இலங்கையில் டின் மீன் ஏழை எளியவரின் அன்றாடச் சமையல். 425 கிராம் டின் ஒன்று, இரண்டு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம் இருந்தால் குடும்பத்துக்கு ஒரு வேளைக் கறி ஆகிவிடும். பாண் என்று அங்கே சொல்லும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம். உருளைக்கிழங்கோடு பிசைந்தால் கட்லட்டும் ரோல்ஸும் அதிலிருந்தே வரும். கடலுக்குப் போக முடியாத போர்க்காலத்திலும், மின்சாரம் இல்லாத ஊரிலும் கெடாமல் இருக்கும் மீன் அது. சுற்றிலும் கடல் இருக்கும் தீவுக்கு டின் மீன் எதற்கு என்று கேட்பவர்கள் ஐஸ் இல்லாமல், சாலை இல்லாமல் ஒரு மீன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பொம்மையார்பாளையத்தில் ஒரு மீனவர் வீட்டு அடுப்படியில் அப்படி ஒரு டின் திறக்கப்பட்டபோது நானும் இருந்தேன். கொண்டுவந்தவர் முகாமில் வளர்ந்த ஒரு பெண். டின் கட்டரின் முனை மூடியில் இறங்கியதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சிறு சத்தம். உள்ளேயிருந்து காற்று வெளியே வரவில்லை. வெளிக்காற்று உள்ளே போனது. வீட்டின் மூத்த பெண்மணியான பெரியம்மா தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, மீனைக் கழுவ வேணாமா?”

“வேண்டாம் அம்மா. எல்லாம் துப்புரவாக்கி அவிச்சுத்தான் அடைச்சிருக்கு. தண்ணியை வடிச்சாப் போதும்.”

“முள்ளு?”

“முள்ளோடயே போடலாம். கடிச்சுப் பாருங்கோ, தெரியாது.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரு துண்டைப் பிளந்து நடுமுள்ளை எடுத்தார். கணுக்கணுவாக, வெள்ளையாக, முழு முதுகெலும்பு. இரண்டு விரலுக்கிடையே வைத்து நசுக்கினார். பொடிந்துவிட்டது. பெரியம்மா அதைக் கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். மீன்முள் தொண்டையில் குத்திப் பிள்ளைகள் அழுததை எத்தனையோ முறை பார்த்த கை அது. பொடிந்த முள்ளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகம் சுருங்கியது. “பழசு வாடை அடிக்குதே” என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, அந்த வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மீனைக் கெடுப்பது உயிர். பாக்டீரியா வாழ வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் வேண்டும். வெறுமனே ஈரமாக இருந்தால் போதாது, அது எடுத்துப் பயன்படுத்தும்படியான தண்ணீராக இருக்க வேண்டும். உப்பைப் போட்டால் சோடியமும் குளோரைடும் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிக் கட்டிப்போட்டுக்கொள்ளும். சதையில் தண்ணீர் இருக்கும், பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. இதை அளக்க ஓர் எண் இருக்கிறது. தூய நீருக்கு 1. உப்பு இனியும் கரையாது என்னும் அளவுக்குச் செறிந்த உப்புநீருக்கு 0.75. நாம் பயப்பட வேண்டிய கிருமிகளில் மிகக் கொடியதான கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் 0.94க்குக் கீழே வளராது. பத்து விழுக்காடு உப்பே அதை நிறுத்திவிடும். மரக்காணத்து உப்பை அள்ளிப்போட்டு, வெயிலில் ஈரத்தையும் இறக்கிய கருவாடு அந்த எல்லைக்கு வெகு கீழே போய்விடுகிறது.

ஆனால் கருவாட்டில் உயிரே இல்லை என்று சொல்ல முடியாது. மரக்காணம் உப்பளங்களில் கோடையில் நடந்திருந்தால், பாத்தியில் நீர் செறியச் செறிய அது இளஞ்சிவப்பாகவும் செங்கல் நிறமாகவும் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் உயிருள்ளது. டூனலியெல்லா என்ற பாசியும், உப்பு இல்லாவிட்டால் செத்துப்போகும் நுண்ணுயிர்களும் தரும் நிறம் அது. வேறெதுவும் வாழ முடியாத இடத்தைத் தம் சொந்த ஊராக்கிக்கொண்டவை அவை. உப்பு விளையும்போது படிகத்துக்குள்ளிருக்கும் நுண்ணிய நீர்த்துளிகளில் சிக்கி அவையும் மூட்டையேறிவிடுகின்றன. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் கருவாட்டின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு பிசுபிசுப்புப் படருமே, அது இந்த உப்பளத்துச் சிவப்புதான். ஆட்களை அது பெரிதாகப் பாதிப்பதில்லை, கருவாட்டைக் கெடுத்துவிடும். வெள்ளையாக, காய்ந்து, சுத்தமாகத் தெரியும் உப்புக்குள்கூட இப்படி ஓர் உலகம் இருப்பதை நான் இந்தக் கடற்கரையின் பெரிய அதிசயமாக நினைக்கிறேன்.

கருவாடும் உப்பும் இந்தக் கரையில் வரியோடும் சம்பந்தப்பட்டவை. ஆங்கிலேயர் உப்புக்கு வரி போட்ட காலத்தில், மீனவர்களுக்கு நல்ல உப்பு கட்டுப்படியாகவில்லை. உவர்மண்ணைத் தடவி மீனைக் காயவைத்தார்கள். இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் ஆய்வு செய்த பிரான்சிஸ் டே, 1873இல் தந்த அறிக்கையில் இந்த நிலையைப் பதிவுசெய்தார். பிறகு மீன் பதப்படுத்தும் முற்றங்கள் அமைத்து, அங்கே மட்டும் வரியில்லா உப்பைத் தர அரசு ஒப்புக்கொண்டது. ஒரு மீன் கெடுவதும் கெடாததும் அன்றைக்கு அரசாங்கத்தின் கையில் இருந்தது.

டின் மீன் வேறு வழியில் போகிறது. அதில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது. உப்பும் சுவைக்கு மட்டும்தான். உயிரைப் பட்டினி போடுவது கருவாட்டின் முறை. டின்னின் முறை, இருக்கும் உயிரை முழுவதும் கொன்றுவிட்டு, புதிதாக எதுவும் நுழையாமல் கதவைச் சாத்திவிடுவது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவருக்குப் பாக்டீரியா என்ற ஒன்று காரணம் என்றே தெரியாது. புதுச்சேரியைப் பல தலைமுறை ஆண்ட பிரான்சில், நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், 1790களிலிருந்து கண்ணாடிச் சீசாக்களில் உணவை அடைத்து, தக்கை போட்டு இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது; முறையை நூலாக எழுதி வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் குவளைக்குக் காப்புரிமை பெற்றார். நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் நிறுவுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. காரணம் தெரியாமலேயே கைப்பழக்கத்தால் ஒருவர் சரியான விடைக்கு வந்துசேர்ந்தார். விளக்கம் பின்னால் வந்தது.

விளக்கம் வரும்வரை விபத்துகளும் இருந்தன. கொதிநீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. அந்தச் சூட்டில் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும், ஆனால் சில வகைகள் ஸ்போர் என்னும் கெட்டி உறைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டே தப்பிவிடும். டின் ஆறியதும் விழித்துக்கொள்ளும். 1890களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் அண்டர்வுட் என்ற டின் உணவுத் தொழிற்சாலைக்காரர், தம்முடைய சிப்பி டின்கள் உப்பி வெடிப்பதற்குக் காரணம் தேடி எம்.ஐ.டி.யின் சாமுவேல் பிரெஸ்காட்டிடம் போனார். இருவரும் சேர்ந்து செய்த ஆய்வில்தான் சூட்டைத் தாங்கும் ஸ்போர்கள் பிடிபட்டன. எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்ற கேள்வி அதற்குப் பிறகு கணக்காக மாறியது.

அந்தக் கணக்கு எளிமையானது. 121 டிகிரி செல்சியஸில் பாட்டுலினம் ஸ்போர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 12 நொடிக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆயிரம் நூறாகும், நூறு பத்தாகும். இப்படிப் பன்னிரண்டு முறை குறைக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் டின் உணவுத் தொழில் பின்பற்றும் விதி. ஒரு லட்சம் கோடி ஸ்போர் இருந்தால் ஒன்றே ஒன்று மிஞ்சலாம் என்று பொருள். இதற்குச் சுமார் இரண்டரை நிமிடம் போதும். மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மூன்று நிமிடமும் டின்னின் நட்டநடுவில், சூடு கடைசியாகப் போய்ச்சேரும் புள்ளியில் நடக்க வேண்டும். மீன் சதைக்குள் சூடு மெதுவாகத்தான் ஊர்ந்து போகும். அதனால்தான் பெரிய டின்கள் ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனுக்குள் ஒரு மணி நேரத்தை ஒட்டிக் கிடக்கின்றன. நம் வீட்டு பிரஷர் குக்கரில் விசில் வரும்போது இருக்கும் அழுத்தமும் சூடும் ஏறக்குறைய இதேதான்.

முள் பொடிந்த ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. எலும்பு இரண்டு பொருட்களின் கூட்டு. கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் கடினத்தைத் தருகின்றன. அவற்றைப் பின்னிப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரத நார். 121 டிகிரியில் கொலாஜன் அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைந்துவிடுகிறது. படிகங்கள் அப்படியே இருக்கின்றன, பிடிப்பு போய்விடுகிறது. ஆகவே விரலால் நசுங்குகிறது. கால்சியம் எங்கும் போவதில்லை. வடித்த ஜாக் மெக்கரல் டின் மீனில் 100 கிராமுக்கு 240 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. முள்ளோடு அடைத்த மத்தி டின்னில் 380 வரை. பசும்பாலில் 100 மில்லிக்கு இருப்பது 120 சொச்சம். பால் வாங்க வழியில்லாத வீட்டில், முள்ளை எடுத்துப்போடாமல் சாப்பிடும் டின் மீன் சின்ன விஷயம் அல்ல.

ஜாக் மெக்கரல் என்றதும் நம் கானாங்கெளுத்தி என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கைக்குப் போகும் டின்களில் பல, சிலி நாட்டுக் கரையில் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தில் பிடிபடும் மீனை அடைத்தவை. அது பாறை மீனின் குடும்பம். பொம்மையார்பாளையத்துப் பெரியம்மா தோலில்லாத அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கானாங்கெளுத்தி இல்ல, பாறை ஜாதி” என்று சொன்னார். டின்னின் படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. பசிபிக் பெருங்கடலின் மறுகரை மீனை, சதையின் அமைப்பை மட்டும் வைத்துச் சரியான குடும்பத்தில் வைத்துவிட்டார்.

இனி அந்த வாடை. மீனைக் கடுமையாகச் சூடாக்கினாலும் டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு சிதைந்து டிரைமெத்திலமைனாக மாறும். பாக்டீரியா ஐந்தாறு நாளில் செய்வதை ரிட்டார்ட் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுகிறது. கூடவே சதையின் கந்தகச் சேர்மங்களும் உடைந்து வாடையைக் கூட்டும். அதனால் நல்ல மீனை அடைத்த டின்னைத் திறந்தாலும் ‘பழசு’ போல ஒரு நெடி எழும். பெரியம்மாவின் மூக்கு மூலக்கூறைச் சரியாகத்தான் கண்டுபிடித்தது. அந்த மூலக்கூறு அங்கே எப்படி வந்தது என்பதுதான் வேறு கதை. புதுமீனில் அது கெட்டுப்போனதன் அடையாளம், டின்னில் வெந்ததன் அடையாளம். அதைப் போக்கும் வழி இரண்டு கரையிலும் ஒன்றுதான். எலுமிச்சையோ புளியோ சேர்ந்ததும் டிரைமெத்திலமைன் உப்பாக மாறி, ஆவியாக முடியாமல் குழம்பிலேயே தங்கிவிடும். மீன்குழம்பில் புளியைத் தாராளமாக விடச் சொன்ன நம் பாட்டிமார் செய்தது இந்த வேதியியலைத்தான்.

அடுப்பில் வெங்காயம் வதங்கி, வறுத்த தூள் விழுந்து, எலுமிச்சை பிழிந்து இறக்கியதும் வீட்டில் நான்கைந்து பேர் சாப்பிட்டார்கள். பாதியில் ஒரு பையன் நறுக்கென்று எதையோ கடித்துவிட்டு வெளியே எடுத்தான். அரிசி நுனி அளவில், கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு துண்டு. எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். கொண்டுவந்த பெண்ணின் முகம் வாடிவிட்டது. அந்தத் துண்டை ஒரு கரண்டியில் எலுமிச்சைச் சாற்றில் போட்டு அடுப்பில் லேசாகச் சூடுகாட்டச் சொன்னேன். சில நிமிடத்தில் ஓரங்கள் மழுங்கி, பிறகு காணாமல் போனது. கண்ணாடி எலுமிச்சையில் கரையாது. இது ஸ்ட்ரூவைட். மீனிலும் உப்புநீரிலும் இருக்கும் மக்னீசியம், சதையிலிருந்து வந்த அம்மோனியா, பாஸ்பேட் மூன்றும் டின் மெதுவாக ஆறும்போது சேர்ந்து வளரும் படிகம். உடம்புக்குள் போனாலும் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். டின் மீனில் கண்ணாடி இருந்தது என்று எழும் புகார்களில் பல இந்தப் படிகத்தைப் பற்றியவைதான். டின் மீன் சாப்பிடும் எல்லோரும் இந்தச் சோதனையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கரையவில்லை என்றால் அது கண்ணாடியேதான். அப்போது அந்த டின்னைச் சாப்பிடக் கூடாது.

புதிய உணவின் முதல் வாயில் தயங்குவது மனிதனுக்கு இயல்பு. யானைக்கும் பசுவுக்கும் எதைத் தின்பது என்ற குழப்பம் அதிகம் இல்லை. எல்லாவற்றையும் தின்னக்கூடிய மனிதனுக்கும் எலிக்கும்தான் புதிய உணவு என்பது வாய்ப்பும் ஆபத்தும் சேர்ந்த ஒன்று. உளவியலாளர் பால் ரோசின் 1970களில் இதை விரிவாக எழுதினார். தயக்கத்தில் எதிர்பார்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் யோமன்ஸும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், புகையூட்டிய சால்மன் மீனில் செய்த உறைந்த பண்டம் ஒன்றைச் சிலருக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லியும், சிலருக்குக் காரசாரமான உறைபண்டம் என்ற பொருளில் வேறு பெயர் சொல்லியும் கொடுத்தார்கள். பண்டம் ஒன்றுதான். ஐஸ்கிரீம் என்று நம்பியவர்களுக்கு அது வாயில் வைக்க முடியாததாக இருந்தது. மற்றவர்கள் சாதாரணமாகச் சாப்பிட்டார்கள். டின் மீனைக் காலையில் கரைக்கு வந்த மீனோடு ஒப்பிட்டுக்கொண்டு வாயில் வைத்தால் ஏமாற்றம் உறுதி. அதைக் கருவாட்டோடு ஒரே வரிசையில், பதப்படுத்திய இன்னொரு பண்டமாக வைத்துச் சாப்பிட்டால் அதற்கே உரிய ருசி தெரியும். அந்த வீட்டில் முதலில் முகம் சுளித்தவர் இரண்டாவது கவளத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஆனால் இந்த அத்தியாயத்தை நான் எழுதுவதற்கு ருசியைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. புதுமீனில் மூக்கு சொல்வதை நம்பலாம். டின் மீனில் மூக்கை நம்பினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு டின் சால்மனைத் திறந்து நான்கு முதியவர்கள் சாப்பிட்டார்கள். நால்வருக்கும் பாட்டுலினம் நஞ்சு ஏறியது, இருவர் இறந்துபோனார்கள். டின் சரியாகத்தான் வெந்திருந்தது. பிறகு அதில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துளை வழியாகக் கிருமி உள்ளே போயிருந்தது. மீனில் அதிகம் காணப்படும் பாட்டுலினத்தின் ‘ஈ’ வகை சதையை அழுகவைக்காது, நாற்றம் எழுப்பாது. முகர்ந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. கோடிக்கணக்கான டின்களில் ஒன்றில் நடப்பதுதான் இது, ஆயினும் நடக்கக்கூடியது.

மூக்குக்கு எட்டாத இரண்டாவது ஆபத்து ஹிஸ்டமின். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் வெயிலில் கிடந்தால் சில பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்டால் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். பலர் இதை மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 121 டிகிரியில் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் சாகாது. அதற்கு வாடையும் கிடையாது. வலையிலிருந்து எடுத்த மீனை உடனே ஐஸில் போடாமல் விட்ட தவறை எந்த ரிட்டார்ட்டாலும் திருத்த முடியாது. டின் மீனின் தரம் தொழிற்சாலையில் தொடங்குவதில்லை, படகில் தொடங்குகிறது.

எனவே டின் மீனைச் சோதிக்க விரலும் கண்ணும்தான் வேண்டும். மூடி லேசாக உட்குழிந்திருக்க வேண்டும். அடைக்கும்போது உள்ளே இருந்த நீராவி ஆறிச் சுருங்கியதால் வந்த வெற்றிடம் மூடியை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. திறக்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும் ‘ஸ்ஸ்’ நல்ல சத்தம். மூடி உப்பியிருந்தால், அமுக்கினால் ‘டக்’கென்று உள்ளே போய் மறுபடி வெளியே வந்தால், விளிம்பு மடிப்பில் நசுங்கலோ துருவோ கசிவோ இருந்தால், முகர்ந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். சுவீடன் நாட்டில் சுர்ஸ்ட்ரோமிங் என்று புளிக்கவைத்த ஹெர்ரிங் மீன் டின் ஒன்று உண்டு. அது உப்பித்தான் இருக்கும். வேகவைக்காமல், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களை வேண்டுமென்றே உயிரோடு விட்டு அடைத்த மீன் அது. நம் கைக்கு வரும் டின்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. டின்னின் உட்புறத்தில் கறுப்புக் கறை இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். மீனின் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து உண்டான கறை அது.

நம் சமையல் பழக்கம் இன்னொரு காவலும் தருகிறது. பாட்டுலினத்தின் ஸ்போர்கள்தான் சூட்டைத் தாங்கும். அது உண்டாக்கும் நஞ்சு 85 டிகிரியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. குளிர்ந்த மீனை ரொட்டியில் வைத்துச் சாப்பிடும் ஐரோப்பியருக்கு இல்லாத பாதுகாப்பு, டின் மீனைக் குழம்பாகக் கொதிக்கவைக்கும் இலங்கைத் தமிழருக்கு இருக்கிறது. மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். திறந்த டின்னும் புதுமீனைப் போலத்தான் கெடும்.

இந்தியாவுக்கு டின் மீன் புதிதல்ல. 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென ஒரு துறையைத் தொடங்கிய பிரெடெரிக் நிக்கல்சனின் காலத்திலேயே, மேற்குக் கரையில் பேப்பூரை ஒட்டி அரசு மத்தி டின் அடைத்துப் பார்த்தது. நிலைத்த பெருந்தொழிலாக அது வளரவில்லை. உள்ளே இருக்கும் மீனைவிட வெளியே இருக்கும் தகரம் விலை அதிகம் என்பது பெரிய காரணம். 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு விடை கண்டிருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலிபுரோப்பிலீன் என்று மூன்று அடுக்குள்ள பைக்குள் மீன்குழம்பையே அடைத்து ரிட்டார்ட்டில் வேகவைக்கும் முறை. குளிர்ப்பெட்டி இல்லாமல் ஓராண்டு இருக்கும். பை தட்டையாக இருப்பதால் நடுப்பகுதிக்குச் சூடு சீக்கிரம் போய்ச்சேரும். மீன் குறைவாக வேகும், ருசியும் மேல்.

இந்தக் கரைக்கு அது தேவை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. அதன் விளைவை வடக்கே இருக்கும் பொம்மையார்பாளையம் போன்ற ஊர்கள் சுமக்கின்றன. கடல் மணலைத் தின்ற இடத்தில் படகு ஏற்றவும் இடமில்லை, கருவாடு காயவைக்கவும் இடமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதற்கு நேர்மாறாக, மத்தியும் கவலை மீனும் கொட்டும் நாட்களில் விலை சரிந்து, மனிதர் தின்ன வேண்டிய மீன் மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது.

மீன்வளத் துறைக்கும், நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும், இந்தக் கரையின் மீனவப் பெண்கள் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது: கோட்டக்குப்பத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே ஒரு சிறிய ரிட்டார்ட் கூடம் அமையுங்கள். படகிலேயே ஐஸ் கிடைக்க வழிசெய்யுங்கள். சூட்டையும் நேரத்தையும் கணக்கிட்டு எழுதிவைக்க ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுங்கள். டின் மீனைச் சமைக்கவும் விற்கவும் தெரிந்த கீழ்ப்புத்துப்பட்டுப் பெண்களை அந்தக் குழுவில் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.